உருகும் இனமும் உருகா இனமும்

(தோட்டக் கிளையின் மாதக் கூட்டத்தில் கிராணித் தோழர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



சம்பளம், போனஸ், லீவு என்று பேசிப் பழகிய இந்த மேடையில் இன்று பிளாஸ்டிக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "பிளாஸ்டிக்குக்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று பின்வரிசையில் யாரோ கேட்பது காதில் விழுகிறது. சம்பந்தம் இருக்கிறது. காலையில் வேலைக்காட்டுக்குக் கொண்டுபோகும் தேத்தண்ணீர்ப் பை, மரத்தில் தொங்கும் பால் மங்கு, மழைக்காலத்தில் மரத்துக்குக் கட்டும் பாலிதீன் பாவாடை, வீட்டுச் சுவரில் ஓடும் கரண்டுக் கம்பி, மாலையில் லயத்துக்குப் பின்னால் புகைகிற குப்பை என்று, பிளாஸ்டிக் புகாத இடம் நம் வாழ்வில் இல்லை. அது சூடு பட்டால் என்ன ஆகும் என்பது தெரியாமல் போவதால் வரும் நஷ்டம் முதலாளிக்கு அல்ல. நம் கைக்கும், நம் நெஞ்சுக்கும், நம் கூலிக்குமே அந்த நஷ்டம்.

பேச்சில் சில ஆங்கிலப் பெயர்கள் வரும். அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டாம். நாமும் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள்தாம். பெயர் நினைவில் நிற்காவிட்டாலும் குற்றமில்லை. குணம் நினைவில் நின்றால் போதும்.

அடுக்களையிலிருந்தே தொடங்குவோம். வெல்லத்தை அடுப்பில் வைத்தால் பாகாகிறது, ஆறினால் இறுகுகிறது, மறுபடி சுட வைத்தால் மறுபடியும் பாகு. முட்டை அப்படியல்ல. ஒருமுறை வெந்துவிட்டால் வெந்ததுதான். எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் அது மீண்டும் நீர்த்துப் போகாது. அளவு மீறிச் சுட்டால் கருகும், அவ்வளவே. பிளாஸ்டிக்குகள் எத்தனையோ வகைப்பட்டாலும் சூட்டின் முன்னால் அவை இந்த இரண்டு இனந்தான். வெல்லத்தைப் போன்றதை விஞ்ஞானிகள் தெர்மோபிளாஸ்டிக் என்பார்கள். முட்டையைப் போன்றதைத் தெர்மோசெட் என்பார்கள். நாம் உருகும் இனம், உருகா இனம் என்றே சொல்லிக்கொண்டு போவோம்.

ஏன் இந்த வேற்றுமை? எல்லாப் பிளாஸ்டிக்கும் கண்ணுக்குத் தெரியாத நீண்ட இழைகளால் ஆனது. உருகும் இனத்தில் அந்த இழைகள் தட்டில் குவித்த இடியாப்பம் போல ஒன்றின்மேல் ஒன்று கிடக்கின்றன. பின்னிக் கிடந்தாலும் ஒன்றையொன்று கட்டிக்கொள்ளவில்லை. சூடு ஏற ஏற இழைகள் துடிக்கின்றன, வழுக்குகின்றன, கடைசியில் ஓடத் தொடங்குகின்றன. உருகா இனத்தில் இழைக்கும் இழைக்கும் நடுவே முடிச்சு விழுந்திருக்கிறது. அது மீன் வலை. வலையை இழுக்கலாம், உதறலாம். அறுக்காமல் பிரிக்க முடியாது. ஆகவேதான் அது உருகுவதில்லை. சூடு மிஞ்சினால் இழையே அறுந்து கரியாகிறது.

நம் நாடு கண்ட இரண்டு மரங்கள்

இந்த இரண்டு இனத்தையும் அறிய நாம் சீமைத் தொழிற்சாலைக்குப் போக வேண்டியதில்லை. இந்த மண்ணில் பால் கொடுத்த இரண்டு மரங்களே போதும்.

முதலாவது, காட்டில் தானாக வளர்ந்த தாபான் மரம். அதன் பாலைத்தான் கெத்தா பெர்ச்சா என்றார்கள். கொதிநீரில் போட்டால் மாவுபோல இளகும். வேண்டிய வடிவத்தில் பிசைந்து ஆறவிட்டால் கட்டை போல இறுகும். மலாய்க்காரர்கள் அதைக்கொண்டு பாராங்குக் கத்திக்குப் பிடி செய்தார்கள். சிங்கப்பூரில் டாக்டராக இருந்த வில்லியம் மான்ட்கோமரி என்பவர் 1843-இல் அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். அதன் பிறகு அதற்கு வந்த மவுசைச் சொல்லி முடியாது. 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலடியில் தந்திக் கம்பி போட்டபோதும், 1866-இல் அட்லாண்டிக் மகாசமுத்திரத்தின் அடியில் கம்பி போட்டபோதும், செம்புக் கம்பிக்கு உறையாக இருந்தது இந்தப் பால்தான். கடலடி குளிர்ச்சியான இடம். அங்கே அது கெடாமல் கிடந்தது. வெயில்தான் அதற்குப் பகை. கப்பலில் ஏற்றும் முன்பே கம்பியைத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கவைத்துக் காத்தார்கள். உருகும் இனத்தின் குணம் அது. ஆனால் அந்தப் பாலுக்காக மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். காடு காடாக மரம் அழிந்தது. பட்டையைப் பக்குவமாகச் சீவி, மரத்தை வாழவைத்துக்கொண்டே பால் எடுக்கும் நம் தொழிலின் அருமை இதை நினைத்தால்தான் விளங்கும்.

இரண்டாவது நம்முடைய கித்தா மரம். பிரேசிலில் பிறந்து, லண்டனில் உள்ள கியூ தோட்டம் வழியாக, 1877-இல் கன்றாகச் சிங்கப்பூருக்கு வந்தது. விந்தை என்னவெனில், இரண்டு மரத்துப் பாலிலும் உள்ள இழை ஒரே சரக்கு. ஐசோபிரீன் என்னும் ஒரே கண்ணியைக் கோத்த சங்கிலிதான் இரண்டும். கண்ணி திரும்பும் பக்கம் மட்டுமே வேறு. தாபான் மரத்து இழை நேராக நிற்பதால், அடுக்கிய விறகு போல நெருங்கி இறுகுகிறது. கித்தா இழை சுருண்டு வளைந்து கிடப்பதால் அடுக்க முடிவதில்லை. அந்தச் சுருளில்தான் ரப்பரின் இழுவை இருக்கிறது.

அப்படியானால் கித்தா எந்த இனம்? புகைக்கூண்டில் வேலை பார்த்த பெரியவர்களைக் கேளுங்கள். சீட்டுகளை அடுக்கி விறகு போடும்போது சூடு 60 டிகிரியைத் தாண்டிவிடாமல் கண்ணுங்கருத்துமாகக் காத்தார்கள். தாண்டினால் சீட்டில் கொப்புளம் எழும், பிசுபிசுக்கும், தரம் இறங்கும். (இங்கே நாம் சொல்லும் டிகிரியெல்லாம் தண்ணீர் 100-இல் கொதிக்கும் சென்டிகிரேட் கணக்கு.) பச்சை ரப்பர் சூட்டில் இளகுகிற சாதி. 1823-இல் சார்லஸ் மேக்கின்டாஷ் என்பவர் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரைத் தடவி மழைக்கோட்டுச் செய்தபோது, வெயிலில் அது ஒட்டியது, குளிரில் விறைத்தது. இதற்கு மருந்து தேடி அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்பவர் குடும்பத்தைப் பட்டினி போட்டு அலைந்தார். 1839-இல், கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்பில் பட்டு, உருகாமல் தோல் போல இறுகியதைக் கண்டார் என்று சொல்லப்படுகிறது. இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் 1843-இல் அதே முறைக்கு உரிமை கோரினார். குட்இயர் 1860-இல் கடனாளியாகவே செத்தார். அவர் பெயரில் பிற்காலத்தில் எழுந்த கம்பெனிக்கும் அவர் குடும்பத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கண்டுபிடித்தவன் ஒருவன், காசு பார்த்தவன் வேறொருவன். இது நமக்குப் புதுக்கதையா?

கந்தகம் செய்கிற வேலைதான் நாம் முன்னே சொன்ன முடிச்சு. நூறு பங்கு ரப்பருக்கு இரண்டு மூன்று பங்கு கந்தகம் சேர்த்துச் சுட்டால் இழைகளுக்கு நடுவே ஆங்காங்கே முடிச்சு விழுந்து இழுவையுள்ள ரப்பர் கிடைக்கும். முப்பது பங்குக்குமேல் சேர்த்தால் முடிச்சு நெருங்கி எபோனைட் என்னும் கட்டையாகும். பழைய மைப் பேனாக்கள் அதில் செய்யப்பட்டவை. ஆக, நாம் வெட்டும் பால் மரத்திலிருந்து இறங்கும்போது இளகும் சரக்கு. டயராகி ரோட்டில் ஓடும்போது உருகா இனம். தேய்ந்த டயரை உருக்கிப் புது டயர் வார்க்க முடியாமல் உலகெங்கும் மலைமலையாகக் குவிந்து கிடப்பதற்கு இதுவே காரணம். (லயத்து ஓரத்தில் கிடக்கும் பழைய டயரில் மழைநீர் தேங்கி டெங்கிக் கொசு வளர்வது வேறு சங்கதி. அதையும் இன்றே கவிழ்த்துவிட்டுப் போங்கள்.)

ரப்பருக்கு இன்னொரு விசித்திரக் குணம் உண்டு. மற்றப் பொருள்கள் சூட்டில் விரியும். இழுத்துக் கட்டிய ரப்பர் சூட்டில் சுருங்கும். 1805-இல் ஜான் காஃப் என்ற ஆங்கிலேயர் இதை எழுதிவைத்தார். அவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது. ரப்பர்ப் பட்டையை உதட்டில் வைத்துச் சட்டென்று இழுத்து, அது சூடாவதை உதட்டாலேயே அறிந்தார். பார்வை உள்ள எத்தனையோ பேர் பாராததை அவர் பார்த்தார். இதோ, இந்த மேசைக்காலில் சைக்கிள் டியூப் பட்டை ஒன்றைக் கட்டி, இரும்புக் கட்டி ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறோம்.

(கொதிநீர் ஊற்றிக் காட்டப்பட்டது. இரும்புக் கட்டி சற்றே மேலே ஏறியது. கைதட்டல்.)

கைதட்டல் நமக்கு வேண்டாம். அது நீங்கள் வெட்டிய பாலுக்கு உரியது. கட்டியைத் தூக்கியது சுருளப் பார்க்கும் அந்த இழைகள். சூடு ஏறினால் அவை இன்னும் துடிப்பாகச் சுருள்கின்றன.

இந்தச் சூட்டுக் கணக்கிலேதான் நம் தொழிலின் ஆயுளும் இருக்கிறது. ஓடுகிற டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது; நசுக்கிய சக்தியில் ஒரு பங்கு சூடாக உள்ளே தங்குகிறது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்து, மலாயா ரப்பர் அமெரிக்காவுக்குக் கிடைக்காமல் போனபோது, அந்நாட்டார் பியூட்டாடீன், ஸ்டைரீன் என்ற சரக்குகளைச் சேர்த்துச் செயற்கை ரப்பர் செய்தார்கள். கார் டயருக்கு அது உதவியது. பாரம் ஏற்றும் பெரிய லாரி டயரிலோ சூடு உள்ளுக்குள் ஏறி டயரைக் கெடுத்தது. அதனால் கையிருப்பில் இருந்த மரத்து ரப்பரைப் பெரிய டயர்களுக்கென்று ஒதுக்கிவைத்தார்கள். இன்றும் ஆகாய விமானத்தின் டயரிலும் பெரிய லாரி டயரிலும் மரத்து ரப்பருக்கே முதலிடம். செயற்கை ரப்பர் வந்துவிட்டது, இனி உங்கள் பால் எதற்கு என்று யாராவது சம்பளப் பேச்சில் இழுத்தால், விமானம் எதில் இறங்குகிறது என்று கேளுங்கள்.

உருகும் இனத்தின் அளவுகள்

இனி வீட்டுக்குள் வருவோம். கடையிலும் வீட்டிலும் நாம் அதிகமாகத் தொடுவது உருகும் இனம். ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு உண்டு. மெல்லிய பாலிதீன் பை 110 டிகிரி சுமாருக்கு உருகும். தடித்த வாளி, எண்ணெய்த் தகரத்துக்குப் பதிலாக வந்த டப்பா முதலிய கெட்டிப் பாலிதீன் 130 சுமாருக்கு. பாலிபுரோபிலீன் 160-ஐத் தாண்டித்தான். நைலான் 220-க்கும் மேல். பாலிதீனை 1933-இல் இங்கிலாந்தில் இரண்டு ரசாயனிகள் வேறு ஏதோ தேடப் போய்த் தற்செயலாகக் கண்டார்கள். அதுவே பின்னர் கடலடிக் கம்பியிலிருந்து கெத்தா பெர்ச்சாவை விரட்டியது.

உருகும் அளவுக்கு வெகு முன்னாலேயே இளக்கம் தொடங்கிவிடும் என்பதை மறக்கலாகாது. மினரல் வாட்டர் போத்தல் முழுதாக உருக 250 டிகிரி வேண்டும். ஆனால் எழுபது எண்பதிலேயே இடுப்பு ஒடிந்து சுருங்கிவிடும். ஆகவே அதில் சுடுதண்ணீர் பிடிக்காதீர்கள். வெள்ளை நுரைப் பெட்டி பாலிஸ்டைரீன். அது நூறு டிகிரி சுமாருக்கே இளகும். வாணலியிலிருந்து எடுத்த எண்ணெய்ப் பலகாரம் அதைவிடச் சூடானது. வைத்த இடத்தில் குழி விழுவது அதனால்தான்.

தேத்தண்ணீர்ப் பைக்கு வருவோம். கொதிக்கக் கொதிக்கப் பையில் ஊற்றி, நாரால் முடிந்து, கையில் தொங்கவிட்டுக் கொடுக்கிறார்கள். பை கண்ணாடி போலத் தெளிவாகவும், கசக்கினால் சலசலவென்றும் இருந்தால் பெரும்பாலும் பாலிபுரோபிலீன். அது அந்தச் சூட்டைத் தாங்கும். தொட்டால் மெத்தென்று, இழுத்தால் நீள்கிற பையானால் சூடு ஆகாது. சிவப்பு, நீலக் கூடைப் பைகள் உணவுக்கென்று செய்தவையே அல்ல. அவற்றில் குழம்போ தேநீரோ நேரே ஊற்றவே கூடாது. பாத்திரத்தின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் போட்டிருக்கும். 5 என்றால் பாலிபுரோபிலீன், 6 பாலிஸ்டைரீன், 1 தண்ணீர்ப் போத்தல், 3 என்பது பிவிசி. இந்த 3-ஐ நினைவில் வையுங்கள். அதற்குத் திரும்பி வருவோம். எப்படியானாலும், தூக்குச் சட்டி ஒன்றைக் கொண்டுபோனால் இந்த எண் பார்க்கும் வேலையே இல்லை.

உருகும் அளவு தெரியாததால் கூலி குறைவதும் உண்டு. கட்டிப்பாலில் சாக்கு நூல், ரஃபியாக் கயிறு விழக்கூடாது என்று தொழிற்சாலைக்காரர்கள் ஓயாமல் சொல்கிறார்கள். விழுந்தால் விலையைக் குறைக்கிறார்கள். இது வெறும் கெடுபிடி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்த நூல் பாலிபுரோபிலீன். கட்டிப்பாலை நறுக்கிக் கழுவி உலர்த்தும் சூட்டடுப்பு 100 டிகிரியைத் தாண்டியும் 160-ஐ எட்டுவதில்லை. நூல் உருகாமல் அப்படியே கட்டி ரப்பருக்குள் உட்கார்ந்துகொள்ளும். டயருக்குள் போனால் அந்த இடத்தில் ரப்பர் ஒட்டாமல் பிளவு தொடங்கும். அவர்கள் சொல்வது நியாயமே. ஆனால் பிய்ந்த சாக்கைக் கொடுத்துவிட்டு நூல் விழுந்தது என்று கூலியில் கை வைப்பது நியாயமாகாது. நல்ல சாக்கு கேட்பது நம் உரிமை.

உருகா இனத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1907-இல் லியோ பேக்லண்ட் என்பவர் பீனாலையும் பார்மால்டிஹைடையும் சேர்த்துச் செய்த பேக்லைட்தான் முழுக்க முழுக்கச் செயற்கையான முதல் பிளாஸ்டிக். கறிச்சட்டியின் கறுப்புப் பிடி, பழைய சுவிட்சு, பல்பு மாட்டும் ஹோல்டர் எல்லாம் அது. சாப்பாட்டுக் கடைத் தட்டு மெலமைன். இவை உருகா, ஆகவே எந்தச் சூட்டையும் தாங்கும் என்று எண்ணிவிடக்கூடாது. மெலமைன் கிண்ணத்தை அடுப்பில் காட்டுவதும், மைக்ரோவேவ் பெட்டியில் வைப்பதும், அதில் புளிக்குழம்பைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிவைப்பதும் கெடுதல்; அதிலுள்ள ரசாயனம் உணவில் இறங்கும். இன்னொன்று: பிளக்கு, சுவிட்சுப் பக்கம் காரணமில்லாமல் மீன் நாற்றம் அடித்தால் பூனையைத் தேடாதீர்கள். உருகா இனப் பிளாஸ்டிக் உள்ளே கருகும் வாடை அப்படித்தான் இருக்கும். மெயினை அணைத்துவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

பச்சைத் தீ

மேலே சொன்ன 3-க்கு வருவோம். பிவிசி. கரண்டுக் கம்பியின் உறை, தண்ணீர்க் குழாய், மேசை விரிப்பு. எண்பது டிகிரி சுமாருக்கு இளகும் இதுவும் உருகும் இனந்தான். ஆனால் மற்றவற்றுக்கு இல்லாத ஒன்று இதற்கு உண்டு: எடையில் பாதிக்குமேல் குளோரின். சூடு மிஞ்சினால் அந்தக் குளோரின் ஹைடிரோகுளோரிக் அமில ஆவியாக வெளியே வருகிறது. பால் உறைய வைக்கும் அமிலம் கண்ணில் தெறித்தால் எப்படி எரியும் என்பது நமக்குத் தெரியும். இந்த ஆவி அதைவிடக் கடுமையானது. ஈரம் கண்ட இடத்தில் கரையும். கண்ணிலும் தொண்டையிலும் நெஞ்சிலும் ஈரம் இருக்கிறது.

பழைய கம்பியைச் சுருட்டி, தீயிலிட்டு, உறையை எரித்துச் செம்பை எடுத்து விற்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அந்தத் தீயில் பச்சை நிறச் சுவாலை எழும். பிள்ளைகள் அதைப் பார்க்கக் கூடிவிடுகிறார்கள். குளோரினும் செம்பும் சேர்ந்ததன் அடையாளம் அந்தப் பச்சை. அங்கேயே டயாக்சின் என்னும் விஷமும் பிறக்கிறது. புகைந்து புகைந்து எரியும் குறைந்த சூடு, குளோரின், செம்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால் அதற்கு வேண்டிய எல்லாம் அமைந்துவிட்டது; செம்பே அந்த விஷம் உருவாகத் துணைசெய்கிறது. டயாக்சின் மண்ணில் விழுந்தால் எளிதில் அழியாது. லயத்துக் கோழி அந்த மண்ணைக் கிளறுகிறது. விஷம் கொழுப்பிலும் முட்டையிலும் சேர்கிறது. முட்டை நம் பிள்ளையின் தட்டுக்கு வருகிறது. புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள்களில் அதுவும் ஒன்று. பழைய கம்பி உறைகளில் ஈயமும் கலந்திருந்தது. அது சாம்பலில் தங்கும்.

எரிப்பவரைத் திட்ட நாம் இங்கே வரவில்லை. கைச்செலவுக்குப் பத்து வெள்ளி கிடைக்குமென்றுதான் எரிக்கிறார். ஆனால் அந்தக் கணக்கே தப்பு. எரிந்து கறுத்த செம்புக்குப் பழைய இரும்புக் கடையில் விலை குறைவு. உரித்தெடுத்த பளபளப்பான செம்புக்கு விலை கூடுதல். உரிப்பதற்கும் எளிய வழி இருக்கிறது. தடித்த பலகையில் கம்பி நுழையுமளவு ஒரு பள்ளம் செதுக்குங்கள். பள்ளத்தின் மேல் கத்தி அலகு ஒன்றைச் சாய்த்துத் திருகாணியால் இறுக்குங்கள். கம்பியின் நுனியைக் குறடால் பிடித்து இழுத்தால் உறை நீளவாக்கில் பிளந்து வந்துவிடும். கை அலகுக்கு நேரே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பால்வெட்டுக் கத்தி பிடிக்கிற கைக்கு அதைச் சொல்லவேண்டியதில்லை.

குப்பை எரிப்பது வேறு விஷயம். குப்பை வண்டி வாரக்கணக்கில் எட்டிப் பாராத லயங்களில் எரிக்காமல் என்ன செய்வார்கள்? திறந்தவெளியில் எரிப்பதை 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடுக்கிறது. தொழிலாளர் குடியிருப்பைப் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம், 446ஆம் எண் சட்டம், குடியிருப்பைச் சுகாதாரமாக வைக்கும் கடமையை முதலாளியின் மேல் வைத்திருக்கிறது. ஒரு சட்டத்தை நமக்குக் காட்டி எச்சரிக்கும் நிர்வாகம் மற்றச் சட்டத்தையும் படிக்க வேண்டும். குப்பைத் தொட்டியும் ஒழுங்கான வண்டியும் வேண்டும் என்ற தீர்மானம் இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவதாக இருக்கிறது. வாசகத்தை நாம் எழுதித் தலைவரிடம் கொடுத்திருக்கிறோம். வண்டி வருகிறவரையில் பிவிசிக் குழாய், கம்பி, விரிப்பு இவற்றையாவது தனியே ஒரு சாக்கில் கட்டிவையுங்கள். தீயில் மட்டும் போடாதீர்கள்.

கம்பி உரிக்கும் பலகை ஒன்று செய்து சங்க அறையில் வைத்திருக்கிறோம். சாவி செயலாளர் வீட்டில் இருக்கும். மாலை ஆறு மணிக்குமேல் யாரும் வாங்கிக்கொள்ளலாம். கேள்வி உள்ளவர்கள் இப்போது கேட்கலாம்.